இடம் தராத ஊரும் காசு கேட்கும் ஊரும்

1

இன்று வேலையால் வந்து குசினிக்குள் நுழைந்தபோது, என் மகன் தன்னுடைய உதவித்தொகைப் படிவத்தின் மேல் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, இரண்டு காலையும் இன்னொரு கதிரையில் நீட்டிக்கொண்டு வானொலி கேட்டுக்கொண்டிருந்தான். கோப்பையைத் தூக்கிப் பார்த்தேன். நகரசபை முத்திரைக்குப் பக்கத்தில் வட்டமாய் ஒரு கறை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கோப்பையாலேயே ஒன்று போட்டிருப்பேன். ஆனால் பயல் என்னைவிட ஓரடி வளர்ந்துவிட்டான். கதிரையில் இருக்கும்போது மட்டும்தான் மண்டை எட்டும். அதற்குள் எழுந்துவிட்டான்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு அந்தப் படிவம் என்னவென்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் வடக்கே நாங்கள் இருக்கும் இந்த ஆலை நகரத்தில், இங்கேயே வளர்ந்த பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தை நகரசபை கட்டும். இருக்க, சாப்பிட, புத்தகம் வாங்க என்று கையிலும் காசு தரும். திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. பிள்ளை செய்ய வேண்டியதெல்லாம் படிவத்தை நிரப்பி, தாய் தகப்பனிடம் கையெழுத்து வாங்கித் தபாலில் போடுவதுதான். என் மகன் ரமணனுக்கு இடம் கிடைத்துவிட்டது. படிவமும் வந்துவிட்டது. வந்த நாளிலிருந்து அது கோப்பைக்குக் கீழேதான் கிடக்கிறது.

நிரப்படா என்றால், யோசிக்கிறேன் அம்மா என்கிறான், ஆங்கிலத்தில். கூட்டாளி ஒருவனின் தகப்பன் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறார். அங்கே போய் எண்ணெய்ப் பிசுக்கில் புரளுவதுதான் ஐயாவின் யோசனை. பள்ளிக்கூடத்தில் அவனை 'ரே' என்று கூப்பிடுகிறார்கள். அவனுக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். சோறு, தண்ணி, சாமி. பிறகு, ஏலாது. கடைசிச் சொல்லை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எதைக் கேட்டாலும் முடியாதென்று நானும் இவரும் வீட்டில் நாள் முழுக்கச் சொல்லுகிற சொல் அதுதான் என்பதால் தானாக ஒட்டிக்கொண்டது.

நாளை ஞாயிற்றுக்கிழமை. திருகோணமலைக்கு ரெலிபோன் எடுக்க வேண்டும். என் அக்காவின் மகள் கௌரிக்கு ஊரில் மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைத்ததா இல்லையா என்பது நாளைக்குத் தெரிந்துவிடும். அதையே நினைத்துக்கொண்டு வந்த என் கண்ணில்தான் இந்தக் கோப்பை பட வேண்டுமா? இனி இன்றைக்கு ஒரு வேலையும் ஓடாது. எழுதிக்கொண்டாவது இருக்கிறேன்.

2

அக்காவின் வீடு உட்துறைமுகத்துக்குக் கிட்ட. நாங்கள் பிறந்த வீடும் அதுதான். உப்புக்காற்றில் யன்னல் கம்பிகள் துருவேறி, கையை வைத்தால் செம்மண் மாதிரி ஒட்டும். அப்பா கடற்படைத் தளத்தில் கிளார்க்காக இருந்தவர். வெள்ளைக்காரன் தளத்தை விட்டுப் போனபோது அப்பாவின் வேலையும் அவனோடு கப்பலேறிப் போயிற்று. அக்காவின் படிப்பு அந்த வருடத்தோடு நின்றது. நான் சின்னவள் என்பதால் தப்பினேன். பிறகு இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளுக்குப் பெண்பிள்ளைகள் தேவைப்பட்ட காலம் வந்தது. படிப்பித்துச் சம்பளமும் தருகிறோம் என்றார்கள். வந்து தாதியானேன். என்னிடம் யாரும் மாவட்டம் கேட்கவில்லை, கட்டணம் கேட்கவில்லை. அப்போது அவர்களுக்கு ஆள் தேவை, அவ்வளவுதான்.

கௌரி அக்காவின் ஒரே பிள்ளை. தான் விட்ட படிப்பையெல்லாம் மகள் படிக்க வேண்டும் என்று அக்கா அவளைப் பெற்ற நாளிலிருந்தே நேர்ந்துவிட்டிருந்தா. பிள்ளையும் கெட்டிக்காரி. டொக்டராக வருவாள் என்பதில் வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் அவள் மேல்வகுப்புக்கு வந்த வருடம் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்த ரீச்சர் மாற்றலாகிப் போனா. பதிலுக்கு ஆள் வரவில்லை. பிள்ளைகள் ஆய்வுகூடத்துப் போத்தல்களைத் துடைத்து அடுக்கிவிட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

அத்தானுக்குத் துறைமுகக் களஞ்சியத்தில் வேலை. சத்தம் போடாத மனுசன். ஆனால் ஒரு முடிவெடுத்தால் கப்பல் திரும்பினாலும் அவர் திரும்பமாட்டார். அக்காவின் சங்கிலியைக் கழற்றிக் காசாக்கி, பிள்ளையை யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்து, ஹொஸ்டலில் விட்டுவிட்டு வந்தார். ஊரில் எல்லோரும் மெச்சினார்கள். அங்கத்தைப் படிப்பு அங்கத்தைப் படிப்புத்தான் என்றார்கள். எனக்கு அறிவித்தபோது நானும் மெச்சினேன்.

இனி, பல்கலைக்கழக அனுமதியின் கதை ஊரில் இருக்கிற உங்களுக்குத் தெரியும். வெளியில் இருந்து வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். மாவட்டத்துக்கு இவ்வளவு இடம் என்று பிரித்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் சோதனை எழுதுகிற பிள்ளை எட்ட வேண்டிய புள்ளி எங்கேயோ உயரத்தில். திருகோணமலையில் எழுதுகிற பிள்ளைக்கு அதைவிடக் குறைவு. அதனால் என்ன நடந்தது? யாழ்ப்பாணத்தில் வசதியுள்ளவர்கள் பிள்ளைகளைத் திருகோணமலைப் பக்கம் அனுப்பி, அங்குள்ள பள்ளிக்கூடங்களில் பதிந்து எழுதச் செய்தார்கள். அந்தப் பிள்ளைகள் மூட்டை முடிச்சோடு எங்கள் ஊர் பஸ் நிலையத்தில் வந்து இறங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், எங்கள் அத்தான் தன் பிள்ளையை எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏற்றினார்.

அத்தானுக்கு விசயம் தெரியாது என்றில்லை. பிள்ளை பிறந்தது திருகோணமலை, வீடு திருகோணமலை, அப்படியென்றால் மாவட்டமும் திருகோணமலைதானே என்று நம்பிவிட்டார். எங்கே இருந்து எழுதுகிறாளோ அதுதான் மாவட்டம் என்பது அவர் மனதில் ஏறவேயில்லை. நேர்மையான மனுசருக்கு இப்படித்தான் சில விசயம் ஏறாது.

கௌரி நன்றாகவே எழுதினாள். திருகோணமலைக்கு அந்தப் புள்ளி தாராளம். யாழ்ப்பாணத்துக்குப் போதவில்லை.

3

அக்கா வீட்டில் ரெலிபோன் கிடையாது. மூதூருக்கு ஓடுகிற லோஞ்ச் படகு வந்து போகிற துறைக்குப் பக்கத்தில் ஹனிபா நானா என்று கிண்ணியாக்காரர் ஒருவர் கயிறும் வலையும் விற்கிற கடை வைத்திருக்கிறார். அப்பாவுக்குப் பழக்கமானவர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்காகப் பூட்டின கடையைத் திறந்துவிட்டு, கதைக்கிறது காதில் விழக்கூடாது என்று வெளியில் போய் நிற்பார். நான் இங்கிருந்து அழைப்புக்குப் பதிந்து காத்திருப்பேன். சில நேரம் லைன் கிடைக்கும், சில நேரம் கடல் இரைகிற சத்தம் மட்டும் கிடைக்கும்.

முதல் தடவை முடிவு வந்த ஞாயிறு அத்தான்தான் கதைத்தார்.

"தங்கச்சி, நான்தான் பிள்ளையைக் கெடுத்தனான்."

"என்ன கதை அத்தான் இது? நல்லதுக்குத்தானே செய்தனீங்கள்."

"அங்கத்தைப் பிள்ளையள் இஞ்ச வந்து எழுதுதுகள். நான் இஞ்சத்தைப் பிள்ளையை அங்க கொண்டுபோய் விட்டனான். என்னை மாதிரி ஒரு விசரன் இந்த ஊரில இருப்பானே?"

அன்றைக்கு நானா வெளியில் போகவில்லை போலிருக்கிறது. பின்னால் அவருடைய குரல் கேட்டது. "அப்பிடிச் சொல்லாதீங்க தம்பி. பிள்ளைக்கு ஆண்டவன் வேற வழி வெச்சிருப்பான்."

அந்த வேறு வழியை ஆண்டவன் என் தலையில்தான் வைத்திருக்கிறான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. லண்டன்காரி என்று ஊரில் என்னைச் சொல்கிறார்கள். நான் லண்டனுக்குப் போனது மொத்தம் நாலு தரமோ ஐந்து தரமோ. இருந்தாலும் பெயர் பெயர்தானே.

4

எங்கள் நகரத்தில் ஒரு பொலிரெக்னிக் கல்லூரி இருக்கிறது. மருத்துவம் அங்கே இல்லை, மருந்தியல் உண்டு. டொக்டர் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குள்தானே நிற்பாள் என்று நினைத்து, கௌரியின் சான்றிதழ்களோடு அனுமதி அலுவலகத்துக்குப் போனேன். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலி போட்டுக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு அம்மாள் இருந்தார். நல்ல மனுசி. அதையும் சொல்ல வேண்டும்.

யாருக்கு என்று கேட்டார். என் மகளுக்கு என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது. அக்காவின் பிள்ளையை வேறு எப்படிச் சொல்வது? அவருக்குச் சந்தோசம். அப்படியென்றால் கட்டணமே நகரசபை கட்டிவிடும், ஒரு பிரச்சினையும் இல்லை என்று எழுதத் தொடங்கினார். எத்தனை வருடமாக இங்கே இருக்கிறாள் என்று கேட்டார். இன்னும் வரவில்லை என்றேன். பேனை நின்றது.

பிறகு பத்து நிமிடம் நான் விளக்கம் சொன்னேன். அக்காவின் மகள், அவளுக்கு நான் சின்னம்மா, சின்னம்மா என்றால் எங்கள் ஊரில் அம்மாதான், இரண்டாவது அம்மா. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சட்டப்படி அவள் உங்களுக்கு யார் என்றார். சட்டப்படி ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவர் எழுதினதை வெட்டிவிட்டு, வெளிநாட்டு மாணவி என்று எழுதினார். அந்த ஒரு வெட்டில் கட்டணம் பல மடங்காகிப் போனது.

ஆனால் இடம்? இடத்துக்கு ஒரு குறையும் இல்லை. கௌரியின் புள்ளிகளைப் பார்த்ததும் அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. இப்படிப்பட்ட பிள்ளை எங்களுக்குக் கட்டாயம் வேண்டும் என்றார். சில கிழமையில் கல்லூரி இடம் கொடுத்தது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்று அவர்களிடம் ஒரேயொரு உதவிதான் இருந்தது. பாதிக் கட்டணத்தை விட்டுக்கொடுப்பார்கள். அதையும் கௌரிக்கே கொடுத்தார்கள். நான் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் பயந்துபோனார்.

வீட்டுக்கு வந்து மிச்சப் பாதியைப் பார்த்தபோதுதான் விசயம் விளங்கியது. ஊரில் படிக்க ஒரு சதம் வேண்டாம், ஆனால் இடமில்லை. இங்கே எத்தனை இடம் வேண்டுமானாலும் தருகிறார்கள், காசை வை என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் எங்கள் பிள்ளை நிற்கிறாள்.

5

இவர் பஸ் கொம்பனியில் வேலை செய்கிறார். வீட்டுக்குக் கடன் கட்டுகிறோம். இருவரும் குசினி மேசையில் இருந்து எப்படி எப்படியோ கூட்டிப் பார்த்தோம். முதல் வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிக்கலாம் போலிருந்தது. இரண்டாம் வருடத்துக்கு வந்ததும் இவர் பென்சிலை வைத்துவிட்டு, "ஏலாதப்பா" என்றார். "நீங்கள் எதுக்குத்தான் ஏலும் எண்டு சொன்னனீங்கள்?" என்று நான் பாய்ந்தேன். பாவம் மனுசன், அவர் சொன்னது சரி என்று எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கோபம்.

அத்தான் தன் பங்குக்கு ஒரு வேலை செய்தார். கௌரியின் அறையை வாடகைக்கு விட்டார். திருகோணமலையில் எழுதுவதற்காக யாழ்ப்பாணத்து வடமராட்சியில் இருந்து வந்த வசந்தி என்கிற பிள்ளை அதில் வந்து இருந்தாள். ஊரில் அப்போது பல வீடுகளில் இப்படித்தானாம். வருகிற வாடகையைக் கௌரியின் லண்டன் காசு என்று சொல்லி அக்கா ஒரு தகரப் பேணிக்குள் போட்டுவைத்தா. கௌரி தன் மேசையையும் புத்தகங்களையும் குசினிப் பக்கம் கொண்டுவந்துவிட்டு, இரண்டாம் தரம் எழுதுவதற்குப் படித்தாள். இந்தத் தடவை திருகோணமலையில் பதிந்தாள்.

ஒரு தரம் ரெலிபோனில் சொன்னாள், "வசந்திக்கு இரசாயனம் கொஞ்சம் கஷ்டம் சின்னம்மா. இஞ்ச இன்னும் ரீச்சர் இல்லைத்தானே. நான்தான் சொல்லிக் குடுக்கிறனான்." அந்த இரசாயனத்துக்குத்தான் அக்காவின் சங்கிலி போனது என்று எனக்கு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். அந்தப் பிள்ளைமேல் என்ன பிழை? அவளுடைய தாய் தகப்பனும் பிள்ளையைப் படிப்பிக்கத்தானே அனுப்பினார்கள்.

சோதனை முடிந்து முடிவு வருவதற்கு முன்பே கல்லூரி கெடு வைத்துவிட்டது. முதல் தவணைக் காசைக் கட்டினால்தான் இடமும் பாதி உதவியும் நிற்கும். கட்டிய காசு திரும்பாது. கட்டிவிட்டு ஊரில் இடம் கிடைத்தால் அத்தனையும் தண்ணீரில். கட்டாமல் விட்டு ஊரில் கிடைக்காவிட்டால் இரண்டும் இல்லை. இரவல் வாங்கியாவது கட்டுவோம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். கௌரிதான் மறித்தாள்.

"சின்னம்மா, காசைக் கட்டிப்போடாதேங்கோ."

"ஏன் பிள்ளை? இது கையில இருக்கிற இடம்."

"முதல் வருசம் நீங்கள் எப்பிடியும் கட்டுவீங்கள். பிறகு? பாதியில திரும்பி வந்தால் நான் ஆருக்கு முகம் காட்டுறது? இஞ்ச எண்டால் ஒரு சதமும் வேண்டாம். போன முறை எடுத்த புள்ளியை எடுத்தாலே காணும். இந்த முறை திருகோணமலையில தானே எழுதினனான்."

"நிச்சயமே?"

"ஓம் சின்னம்மா. நல்லாய்ச் செய்தனான்."

அவள் கணக்கில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. இதை வாசிக்கிற உங்களுக்குத் தெரிகிறதா? கெடு முடிந்தது. கல்லூரி அம்மாளுக்கு நேரில் போய்ச் சொன்னேன். பாதி உதவி வேறு நாட்டுப் பிள்ளை ஒன்றுக்குப் போய்விடும் என்றார். வாசல் வரை வந்து, முழுக் கட்டணத்தோடு வருவதென்றால் எப்போதும் இடம் இருக்கும் என்றும் சொன்னார். ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

6

இன்று ஞாயிறு.

விடியவே பதிந்து, மத்தியானத்துக்குக் கிட்டத்தான் லைன் கிடைத்தது. ஹனிபா நானா எடுத்தார். எப்போதும் "எப்பிடித் தங்கச்சி, குளிர் எப்பிடி?" என்று தொடங்குகிறவர் இன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. "பிள்ளைக்கிட்டக் குடுக்கிறன்" என்றார்.

"சின்னம்மா, போன முறையை விடக் கூட எடுத்தனான்."

"பிறகென்ன பிள்ளை!"

"திருகோணமலைக்கு இந்த முறை வெட்டுப்புள்ளி ஏறிட்டுது. வெளியால இருந்து வந்து எழுதினவை கனபேர். எங்கட மண்டபத்தில பாதிக்கு மேல அவைதான்."

"எவ்வளவால விட்டது?"

"கொஞ்சத்தால."

லோஞ்ச் புறப்படுகிற ஊதல் கேட்டது. சின்ன வயதில் அந்தச் சத்தம் கேட்டால் நானும் அக்காவும் யன்னலுக்கு ஓடுவோம். இன்றைக்கு அது எப்போது நிற்கும் என்று காத்திருந்தேன்.

"வசந்திக்குக் கிடைச்சிட்டுது சின்னம்மா" என்றாள் கௌரி. "எங்கட மாவட்டத்தில மருத்துவம். அம்மா பாயாசம் காய்ச்சிக் குடுத்தவ. அவள்தான் குடியாமல் அழுதுகொண்டு இருந்தவள். நான்தான் சொன்னனான், நீ ஏனடி அழுறாய், போய்ப் படி எண்டு." பிறகு சிரிக்கப் பார்த்தாள். "இரசாயனத்தில என்னை விடக் கூட எடுத்திருக்கிறாள். நான் நல்ல ரீச்சர்தான், என்ன?"

நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அழுகிறதைக் கேட்கவிடக் கூடாது என்று பார்த்தேன். கேட்டிருக்கும்.

"இன்னும் ஒருமுறை எழுதலாம் எல்லே பிள்ளை? இன்னும் ஒருமுறை பார்."

"எழுதலாம். ஆனால் அடுத்த முறை இன்னும் கனபேர் வருவினம் சின்னம்மா. எங்கட அறைக்கும் வேறொரு பிள்ளை வருது, அப்பா ஓம் எண்டிட்டார். அவவுக்கும் இரசாயனம் சொல்லிக் குடுக்க ஏலுமோ எண்டு தாய் கேட்டவவாம். காசு தருவினமாம்."

"அப்பா எங்க?"

"வெளியில நிக்கிறார். கதைக்க மாட்டாராம்." பிறகு கதையை மாற்றினாள். "தம்பிக்கு இடம் கிடைச்சதெண்டு அம்மா சொன்னவ. நான் சரியான சந்தோசம் எண்டு சொல்லுங்கோ. வடிவாய்ப் படிக்கச் சொல்லுங்கோ சின்னம்மா."

நேரம் முடிந்து லைன் அறுந்தது.

ரமணன் குசினியில்தான் இருந்தான். என் முகத்தைப் பார்த்து வானொலியை நிற்பாட்டினான். என்ன அம்மா என்று ஆங்கிலத்தில் கேட்டான். அவனுக்கு ஒருநாளும் இதையெல்லாம் சொன்னதில்லை. இன்றைக்குத் தொடக்கத்திலிருந்து ஆங்கிலத்திலேயே சொன்னேன், ரீச்சர் மாற்றலாகிப் போனதிலிருந்து பாயாசம் வரைக்கும். காலைக் கதிரையிலிருந்து இறக்கிவிட்டு, குறுக்கே பேசாமல் கேட்டான். நான் பெற்ற பிள்ளை இவ்வளவு நேரம் என் முகத்தைப் பார்த்துக் கேட்டு எத்தனையோ வருடமாகிறது.

கேட்டு முடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தான். படிவத்தை எடுத்தான். சட்டைக் கையால் அந்தக் கறையை அழுத்தித் துடைத்தான். அது போகவில்லை. அப்படியே என் பக்கமாக நகர்த்திவிட்டு, இதை அவளுக்குக் கொடுக்கலாமே அம்மா, எனக்கு வேண்டாம்தானே என்றான். கேலி இல்லை. உண்மையாகத்தான் கேட்டான். ஒருவருக்கு வேண்டாத சாமானை வேண்டுகிறவருக்குக் கொடுத்துவிடுவதுதானே அவனுக்குத் தெரிந்த நியாயம்.

மாவட்டம், வசிப்பிடம், மகள், சட்டப்படி மகள் என்று அவனுக்கு விளங்கப்படுத்த வாயெடுத்தேன். இவ்வளவு வருடமாய் வார்ட்டில் நின்று நான் பேசுகிற ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் வரவில்லை.

"ஏலாது" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தச் சொல் அவனுக்குத் தெரியும்.